என் கைக்கு மாத்திரை வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் நினைப்பு. ஆமாம் அம்மா, இது நானே எழுதுகிற கடிதம், யாரையும் பக்கத்தில் உட்காரவைத்து எழுதச் சொல்லவில்லை. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது, ஆனாலும் எழுதியதைத் திரும்பப் படித்தால் நான் சொன்னது சொன்னபடி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு வருகிறது. முதல் கடிதத்தில் நல்ல சேதியாக நாலு எழுதலாம் என்றுதான் இருந்தேன், எங்கே விடுகிறார்கள். வயிறு எரிகிறது. அடுத்த மாதம் இங்கே டாக்டர் வருவார், வந்ததும் இந்த முதியோர் இல்லத்தின் மேனேஜர் அம்மா உனக்குப் போன் போட்டு, உங்க அப்பாவுக்குக் கை நடுங்குது, மாத்திரை ஆரம்பிக்கணும், சரின்னு சொல்லுங்க என்று கேட்பார். சரி சொல்லாதே. என் கை நடுங்கவில்லை. இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் கத்துவேன், நீ அப்பா பிரஷர், பிரஷர் என்று சொல்லி வைத்துவிடுவாய். எழுத்தில் கத்தினால் கடைசி வரைக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எனக்கு எழுத்துச் சொல்லித்தந்தவர் எதிர் அறையில் இருக்கும் டிரைவர். ஆயுசு பூராவும் பஸ் ஓட்டியவர், மெதுவாகப் பேசு என்றால் ஹாரனைக் கொஞ்சம் குறைப்பார், அவ்வளவுதான். நான் நோட்டீஸ் போர்டு முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்ததை ஒருநாள் கவனித்துவிட்டார். யோவ் கொத்தனாரே, அது என்ன கல்யாண போட்டோவா, இவ்வளவு நேரமா பாக்குறே என்றார். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை அவரிடம்தான் வாய்விட்டுச் சொன்னேன், உன் அம்மாவிடம்கூட அதை நான் சொன்னதில்லை, அவளாகத் தெரிந்துகொண்டாள். அன்றிலிருந்து சாப்பாடு முடிந்ததும் அதே மேசையில் பாடம். டிரைவருக்கு நரம்பு வியாதி, கை எப்போதும் நடுங்கும். அவர் ஒரு அ போட்டால் அது மழையில் நனைந்த கோழி மாதிரி நடுங்கிக்கொண்டு நிற்கும். எழுத்து என்றால் அப்படித்தான் இருக்கும்போல என்று நானும் ஒவ்வொரு சுழிக்கும் கையை ஆட்டி ஆட்டி எழுதிப் பழகிவிட்டேன். ரொம்ப நாள் கழித்து என் தாளை உற்றுப் பார்த்தவர், அடப்பாவி, என் நடுக்கத்தையும் சேத்துக் காப்பி அடிச்சிருக்கியே என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதற்குள் கை அதற்கே பழகிவிட்டது, இப்போது நேராக எழுதினால் எனக்கு அது எழுத்தாகவே தெரியவில்லை. அதனால் இந்தக் கடிதம் நெளிந்து நெளிந்து போவதைப் பார்த்து நீயும் பயந்துவிடாதே.

இனிமேல்தான் விஷயம். சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் பிளைவுட்டில் ஒரு தடுப்பு வைத்து அதில் ஒரு கதவும் போட்டார்கள். கதவுக்கு மேலே ஒரு பலகை மாட்டினார்கள். எழுத்துக் கூட்டி முதல் ஆளாகப் படித்தவன் நான்தான், சிறப்பு உணவறை. அன்றைக்கே மேனேஜர் அம்மா வந்து, நாளையிலிருந்து உங்களுக்கு அங்கதான் சாப்பாடு என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் மடையன், யோவ், உனக்குச் சிறப்பாம்யா, கறி கிறி போட்டா எனக்கு ஒரு துண்டு மறைச்சு எடுத்துட்டு வா என்று தட்டிக்கொடுத்து அனுப்பினேன். மறுநாள் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறேன், சாப்பிடும்போது சிந்துகிறவர்கள், வாய் ஒழுகுகிறவர்கள், ஊட்டிவிட வேண்டியவர்கள் எல்லோரையும் கழுத்தில் பிளாஸ்டிக் துணி கட்டிச் சுவரைப் பார்த்து உட்காரவைத்திருக்கிறார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஒரே ஒரு ஆயா, அவளும் பாவம், மூன்று வாய்க்கு மாறி மாறி ஓடுகிறாள். எதுக்கு இந்தக் கூத்து என்று மேனேஜர் அம்மாவிடம் கேட்டால், பார்க்க வர்றவங்களுக்குச் சங்கடமா இருக்கு தாத்தா என்கிறார். யாருக்கு யார் தாத்தா? சிந்துகிறவனை மறைத்துவிட்டால் கூடம் சுத்தமாம். பேச்சில் ஒருவன் பொய் சொன்னால் முகத்தைப் பார்த்துப் பிடித்துவிடுவேன் அம்மா, பலகைக்கு ஏது முகம்? எழுத்திலும் பொய் எழுதுவார்கள் என்று டிரைவர் எனக்குச் சொல்லித்தரவில்லை. எங்கள் மேசையில் இருந்தவரை அவர் சிந்தினால், வண்டி குலுங்குது, பிரேக்கப் போடுய்யா என்று யாராவது சொல்வார்கள், அவரும் பதிலுக்கு ரோடு சரியில்லை என்பார், சிரித்துக்கொண்டே தட்டைக் காலி செய்வார். உள்ளே போன பிறகு ரெண்டு வாயோடு போதும் என்று கையைக் கழுவிவிடுகிறார். சட்டை தோளில் ஹாங்கரில் மாட்டியது மாதிரித் தொங்குகிறது. ஓடாத வண்டிய ஷெட்டுல ஓரங்கட்டுவாங்கல்ல, அதான்யா இது என்று ஒருநாள் சொன்னார். ஹாரன் இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். தடுப்பை எடுங்கள், டிரைவரை எங்கள் மேசைக்குத் திருப்பி அனுப்புங்கள், அவர் பட்டினி கிடக்கிறார் என்று மூன்றே விஷயம். ஒரு தாள் எழுத ஒரு பகல் பூராவும் ஆனது. மேனேஜர் அம்மா அதை வாங்கினார், படிக்கவில்லை, கோடுகளை மட்டும் பார்த்தார். அய்யோ தாத்தா, உங்களுக்கும் ஆரம்பிச்சிடுச்சே, முன்னாடியே சொல்லக்கூடாதா என்று என் கன்னத்தைத் தட்டினார். நான் கோபத்தை எழுதிக் கொடுக்கிறேன், அவர் அதில் வியாதியைப் படிக்கிறார். சுவர் பூசின கை அம்மா இது, விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றிய டம்ளரை அவர் மேசையிலிருந்தே எடுத்து நீட்டிக் காட்டினேன், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. இப்ப நல்லாத்தான் இருக்கும், விட்டு விட்டு வரும் என்றார். மறுநாள் மத்தியானம் என் தட்டும் சிறப்புக்குள் போய்விட்டது.

கத்திக்கொண்டேதான் உள்ளே நுழைந்தேன். சுவரைப் பார்த்திருந்த டிரைவர் திரும்பி, வாங்க சிறப்பு என்றார். எனக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலிகளை எல்லாம் சுவரை விட்டுத் திருப்பிப் போட்டேன், ஆயா முதலில் முறைத்தாள், அப்புறம் அவளே ரெண்டு நாற்காலியைத் திருப்பினாள். அன்றைக்கு டிரைவர் தட்டைக் காலி செய்தார். இப்போது என் சங்கடம் உனக்குப் புரிகிறதா? என் கை நன்றாக இருக்கிறது என்று நிரூபித்தால் என்னைக் கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள், அவர் மறுபடி ரெண்டு வாய்க்குப் போய்விடுவார். நடுங்குகிறது என்று ஒத்துக்கொண்டால் இல்லாத வியாதிக்கு மாத்திரை. அதனால் போன் வரும்போது, மாத்திரை வேண்டாம், அப்பா இப்போது சாப்பிடும் இடத்திலேயே சாப்பிடட்டும் என்று சொல். கை நன்றாக இருக்கிறது என்று வாய் தவறியும் சொல்லாதே. அதோடு விட்டுவிடாதே, தடுப்பு எதற்கு, யாரைக் கேட்டு வைத்தீர்கள் என்று நீயே ஒரு கடிதம் எழுது. நான் எழுதினால் வியாதி, நீ எழுதினால் புகார். அதுவும் ஒரு தடுப்பா, தோளால் சாய்ந்தால் ஆடுகிறது, நான் மனசு வைத்தால் ஒரே மத்தியானத்தில் பிரித்து அடுக்கிவிடுவேன். உன் பதில் வரும்வரை பொறுத்திருக்கிறேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று நின்றுகொண்டே சாப்பிடாதே. மாப்பிள்ளைக்கு முதுகுவலி குறைந்ததா என்று எழுது. பேத்தி நன்றாகப் படிக்கட்டும், பலகையில் எழுதியிருப்பதை எல்லாம் நம்ப வேண்டாம் என்று அவளுக்குச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். மறந்துவிடாதே, இங்கே வரும்போது கூடத்தில் உட்காரச் சொல்வார்கள், உட்காராதே, நேராக உள்ளே வா, டிரைவருக்குப் பக்கத்து நாற்காலி உனக்கு. யாரும் வெள்ளைத் துணி உடுத்தி வர வேண்டாம், உள்ளே குழம்பு தெறிக்கும்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அப்பா