வலி மாத்திரை என்று நீ கொடுத்தது

எப்போதும்வென்றான்
ஞாயிற்றுக்கிழமை

மகள் டாக்டர் உமாராணிக்கு அப்பா கண்ணுசாமி எழுதுவது. நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

போனில் பேசலாம்தான். பேசினால் நீ அழுவாய், நானும் இரங்கிப்போய், சரி விடு தாயி என்று சொல்லிவிடுவேன். அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

இந்த வருஷம் மழை பரவாயில்லை. உளுந்து பூத்திருக்கிறது. மக்காச்சோளத்தில்தான் புழு. பக்கத்துக் காட்டில் களை எடுக்க மாடக்கண்ணு இல்லை. அவனுக்கு உன் மாத்திரையைக் கொடுத்தும் பிழைக்கவில்லையே என்று முந்தாநாள் போனில் புலம்பினேன். அப்போதல்லவா சொல்கிறாய், அது வலி மாத்திரையே இல்லை, வெறும் சத்து மாத்திரை என்று!

மூட்டுவலிக்குக் கடை மாத்திரையை விழுங்கி விழுங்கி என் கிட்னி கெட்டுவிடும் என்று பயந்தாயாம். சொன்னால் கேட்கமாட்டேன் என்று, லேபிளைக் கிழித்த டப்பாவில் போட்டு, வலிக்கு இதைவிடப் பெரிய மருந்து கிடையாது என்று கொடுத்தாயாம். வலிக்குக் கேட்டதம்மா, அதுதான் வயிற்றெரிச்சல். காலை மடக்க முடியாதவன் ஆட்டுக்குப் பின்னால் ஓடை வரை நடந்தேன். என் மகள் கைராசிக்காரி என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன்.

அந்த நம்பிக்கையில்தான் கொடுத்தேன். மாடக்கண்ணு வரப்பில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்தான். வேர்த்துக் கொட்டியது. ஆட்டோக்காரன் திருப்பதி வண்டியைக் கொண்டுவந்து, "ஏறுங்க அண்ணாச்சி, கோவில்பட்டிக்கு விட்டுருதேன்" என்றான். நான்தான், பொறுலே, எம்மவ மாத்திரை இருக்கு என்று தடுத்தேன். போட்ட கொஞ்ச நேரத்தில், "கேட்டுட்டு அண்ணாச்சி, இப்பம் தேவல" என்று சிரித்தான். ஆட்டோவை அனுப்பிவிட்டோம். மத்தியானம் களைக்குள்ளேயே சாய்ந்துவிட்டான்.

நான் யோசிக்காமல் கொடுத்தேன், அந்தப் பாவம் எனக்கு. நீ யோசித்துச் செய்தாய். உள்ளதைச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அப்பனுக்கு அவ்வளவுதான் புத்தி என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். இப்போது சர்க்கரை வியாதிக்கு நீ கொடுத்த மாத்திரையையும் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறேன். இது மருந்தா, இதுவும் உன் ஏற்பாடா?

இவ்வளவு எழுதும்போது ஆறுமுகத்தாய் வந்துவிட்டாள். மாடக்கண்ணு பெண்டாட்டி. நீ இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். "அவிய கடைசியில வலி தெரியாமப் போனாவ, ஒம்ம மவ புண்ணியம்" என்றாள். தனக்கும் காலையிலிருந்து நெஞ்சை அடைக்கிறதாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றால் அசையமாட்டேன் என்கிறாள். "அந்த மாத்திரையில ஒண்ணு தாரும் அண்ணாச்சி, போதும்" என்று கையை நீட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா தண்ணீர் கொடுத்துப் பேச்சுக் கொடுக்கிறாள்.

நான் உள்ளதைச் சொல்லப் போகிறேன். சொன்னால்தான் வண்டி ஏறுவாள். அதற்கப்புறம் என் முகத்தில் முழிப்பாளோ, காறித் துப்புவாளோ, தெரியாது. நீ லீவு போட்டுவிட்டு வா. வந்து அவள் முன்னால் உட்கார்ந்து உன் வாயால் சொல்.

நீ நல்லா இருக்கணும் தாயி. உன்னை நம்பி வருகிறவர்களும் நல்லா இருக்கணும்.

உன் அப்பா,
கண்ணுசாமி