கருவி காணாத செல்

மார்ச் 11, காலை 7.10. வழக்கமான பதிவு

உறுதியான தகவல்: பை எண் 19-இல் உயிருள்ள டி-செல்கள் இருபத்தெட்டு கோடி. புற்றுச் செல்கள் பூஜ்யம். மூலம்: நிலையத்தின் எண்ணும் கருவி, இன்று காலை.

நான் ஜெபசெல்வி, செல் உயிரியலாளர். பூமியைச் சுற்றும் இந்த வளர்ப்பு நிலையத்தில் நான் ஒருத்திதான். எடையில்லாத இடத்தில் செல்கள் அடியில் படிவதில்லை. பை முழுக்கச் சீராகப் பெருகும். அதற்காகத்தான் இவ்வளவு உயரம்.

பை இசக்கிமுத்துவுடையது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இரத்தப் புற்றுநோய். அவருடைய டி-செல்களுக்குள், அதாவது நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களுக்குள், ஒரு மரபணுவைச் செலுத்தியிருக்கிறோம். அது செல்லின் மேல் ஒரு கொக்கியை முளைக்க வைக்கும். புற்றுச் செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதத்தை அந்தக் கொக்கி பிடிக்கும். பிடிபட்ட புற்றுச் செல் சாகும். 14-ஆம் தேதி பை விண்கலத்தில் ஏறிக் கீழே போகிறது.

மருத்துவமனையிலிருந்து அவரே பேசினார்: "டாக்டரம்மா, எங்க பயலுவ மேல ஒழுங்கா இருக்கானுவளா? நான் கிரேன் ஒசரத்துக்கு மேல போனதில்ல. அவனுவ எனக்கு முந்தி ராக்கெட்ல போயிட்டானுவ பாத்தியளா."

ஒழுங்காக இருக்கிறார்கள் என்றேன்.

மார்ச் 12, பகல் 11.40

ஒழுங்காக இல்லை.

மாதிரியில் சில செல்கள் மற்றவற்றைவிடப் பெரியவை. உருவமும் டி-செல்லுக்கு உரியதல்ல. வேறொரு புரதத்தைக் காட்டும் சாயத்தைப் போட்டுப் பார்த்தேன். லட்சத்துக்கு மூன்று ஒளிர்ந்தன. புற்றுச் செல்கள். மூன்று முறை பார்த்துவிட்டேன்.

நடந்தது இதுதான். இரத்தம் வந்த அன்று, புற்றுச் செல்களைப் பிரித்தெடுக்கும் காந்த மணிகள் காலாவதியாகியிருந்தன. புதியவை வரும்வரை பொறுக்கச் சொன்னேன். தரைக் கட்டுப்பாட்டுத் தலைவர் சுதர்சன், "வேணாம், கடைசியில எண்ணிப் பாத்துக்கலாம்" என்றார். இதற்கு முன் அனுப்பிய எந்தப் பையிலும் அந்தப் படியை விட்டதில்லை. இதில் விட்டோம். மரபணு செலுத்தியபோது உள்ளே கிடந்த ஒரு புற்றுச் செல்லுக்கும் கொக்கி முளைத்திருக்கிறது. அந்தக் கொக்கி அதன் சொந்தப் புரதத்தையே பிடித்து மூடிக்கொண்டது. இப்போது எந்த டி-செல்லுக்கும் அது தெரியாது; தடையில்லாமல் பெருகியிருக்கிறது. எண்ணும் கருவி தேடுவதும் அதே புரதத்தைத்தான். ஆகவே பூஜ்யம்.

மார்ச் 12, பிற்பகல் 3.25

சுதர்சன்: "செல்வி, ரிப்போர்ட்ல ஜீரோ இருக்கு. அப்ரூவ் ஆன டெஸ்ட் அதுதான். நீங்க பண்ணது ரிசர்ச்."

நான்: "சார், அந்த டெஸ்ட்டுக்கு அது தெரியாது. தெரியாததும் இல்லாததும் ஒண்ணா?"

சுதர்சன்: "லேட்டாக்க முடியாதும்மா. நேத்தே அவருக்கு மருந்து ஏத்தி மஜ்ஜையைக் காலி பண்ணியாச்சு."

என் முடிவு வருவதற்கு முன்பே. அவருக்குச் சிகிச்சை தரும் டாக்டர் பர்வீனை அழைத்தேன். "நீங்க ஓகே சொல்லிட்டீங்கன்னுதானே செல்வி எங்களுக்குச் சொன்னாங்க?" என்றார். நான் சொல்லவில்லை. என் பெயரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு மனிதனின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி முழுவதையும் துடைத்துவிட்டு, இப்போது என்னிடம் நேரமில்லை என்கிறார்கள்.

மார்ச் 13, காலை 9.00

வழி ஒன்று இருக்கிறது. இரண்டாவது சாயத்தைப் பூசி, ஒளிரும் செல்களைப் பிரிப்பானில் ஒவ்வொன்றாக ஒதுக்கலாம். கையிலிருக்கும் சாயம் பையில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் போதும்.

இசக்கிமுத்துவிடம், சுதர்சன் சொன்னது உட்பட எல்லாவற்றையும் நேராகச் சொன்னேன். பர்வீன் பக்கத்தில் இருந்தார்.

"அப்ப கள்ளன் நம்ம யூனிபார்மையே போட்டுக்கிட்டு உள்ள நிக்கான்னு சொல்லுதிய."

"ஆமா அண்ணாச்சி."

"முழுசா அனுப்புனா?"

"கொஞ்ச மாசம் நல்லா இருப்பீங்க. அப்புறம் அந்த ஒண்ணு பெருகி வரும். அப்ப இந்த வைத்தியம் வேலை செய்யாது."

"அஞ்சுல ஒண்ணு அனுப்புனா?"

"போதாமப் போகலாம். அந்த செல்லுங்க உள்ள பெருகுற வரைக்கும் காலியான உடம்பு தாங்கணும்."

"கொறச்சலா இருந்தாலும் சுத்தமா அனுப்புங்க. அந்த சாரை ஒரு நாளு எங்க கிரேன்ல ஏத்திவிடுங்க டாக்டரம்மா. பிரேக்கு இருக்கான்னு கடைசியில எண்ணிப் பாத்துக்கிடட்டும்."

பர்வீன் சிரித்தது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 14, பகல் 1.15

பிரித்து முடித்தேன். சுத்தமான செல்கள் ஐந்தரைக் கோடி. என் சோதனைக்கு எட்டிய வரையில் புற்றுச் செல் இல்லை. பூஜ்யம் என்று எழுத மாட்டேன். அந்தச் சொல்லைக் கண்டாலே எரிகிறது.

பன்னிரண்டு மணிக்கு, மீதியிருந்த பெரிய பையைக் கலத்தில் ஏற்றும்படி தரையிலிருந்து இயந்திரக் கைக்கு ஆணை வந்தது. என்னிடம் கேட்கவில்லை. கை நகர்ந்து வந்து பையைப் பிடிப்பதற்குள் அதில் ப்ளீச் செலுத்திவிட்டேன். செல்கள் வெளுத்துச் செத்தன.

"அது கம்பெனி ப்ராப்பர்ட்டி!" என்று கத்தினார் சுதர்சன்.

"அது அந்தாளு ரத்தம்யா!" என்று நானும் கத்தினேன். மூன்றாண்டில் அவரை நான் சார் என்று சொல்லாதது இதுதான் முதல் தடவை.

வேறு வழியில்லாமல் சிறிய பையுடன் கலத்தை இறக்க ஒப்புக்கொண்டார்கள். 1.02-க்குப் பிரிந்தது.

மார்ச் 15, மாலை 4.30

பர்வீன் உறுதிசெய்தார்: கலம் பத்திரமாக இறங்கியது. காலையில் செல்கள் ஏற்றப்பட்டன.

என் மீது விசாரணை. நாளை மாலை ஆறு மணிக்குக் குரல் இணைப்பும் தகவல் இணைப்பும் நிறுத்தம். மாற்று ஆள் வரும் தேதி சொல்லப்படவில்லை. ஆய்வறையின் வெப்பத்தை இப்போதே குறைத்துவிட்டார்கள். கம்பளிக்குள் இருந்து எழுதுகிறேன்.

மார்ச் 16, மாலை 5.48

இசக்கிமுத்துவுக்குக் காய்ச்சல் நூற்று நான்கு. மூலம்: பர்வீன், ஐந்து மணி அழைப்பு.

டி-செல்கள் புற்றைக் கொல்லத் தொடங்கினாலும் இதே காய்ச்சல்தான். காலியான உடம்பில் கிருமி புகுந்தாலும் இதே காய்ச்சல்தான். வெளியிலிருந்து பார்த்தால் பிழைப்பதும் சாவதும் ஒன்றுபோல நடுங்குகின்றன. அவரால் பேச முடியவில்லை. கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினாராம்.

இந்தப் பதிவைப் படிப்பவர் யாராக இருந்தாலும்: பை எண் 19-க்கு இந்த நிறுவனம் பூஜ்யம் என்று ஒரு தாளைக் காட்டும். நம்பாதீர்கள். இரண்டாவது சாயத்தைப் போட்டுப் பாருங்கள். மாதிரி மூன்றாம் உறைகலனில் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தாமல் விட்டிருந்தால்.

5.58. பர்வீன் மறுபடி அழைக்கிறார். இது அழைப்பு நேரம் இல்லையே.

"செல்வி, லேப்ல இருந்து இப்பதான் போன் பண்ணாங்க, பிளட் கல்ச்சர்ல—"

ஆறு ஆகவில்லை. இரண்டு நிமிடம் முன்னாலேயே அறுத்துவிட்டார்கள். இரண்டு நிமிடம்.

நிலுவையில்: அந்த வாக்கியத்தின் மீதி. இரத்தத்தில் கிருமி உண்டா இல்லையா என்ற கல்ச்சர் சோதனையின் இறுதி அறிக்கை, நாளை மாலை நான்கு மணிக்கு. மஜ்ஜையில் புற்று மிச்சமிருக்கிறதா என்பது, ஏப்ரல் 12-இல். இரண்டும் குறித்த நேரத்தில் வரும். இங்கே வராது.