குள்ளன் வைத்த கைப்பிடி

மச்சான்,

இன்று காலை சர்வீஸ் லிஃப்ட்டில் ஏறியதுமே அந்த வாசனை மூக்கைத் துளைத்தது. மைக்கா ஒட்டுகிற ரப்பர் பசை. யாரோ டப்பாவைச் சரியாக மூடாமல் மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். கூட வந்த பெயின்டர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு நீயே மூலையில் நின்று "ஏறுடா, இடம் இருக்கு" என்று சொல்வதுபோல இருந்தது. செத்துப்போனவர்களை நினைத்தால் மற்றவர்களுக்கு ஊதுபத்தி வாசனை வரும். உனக்குப் பசை வாசனை. அதிலும் நீ தனி ரகம்தான். காலையிலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று ஏழாவது மாடி ஹேண்டோவர். வெளிவட்டச் சாலையில் அதே கண்ணாடிக் கட்டிடம். ஆறாவது மாடியை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் போனாயே, அதற்கு மேல் மாடி. ஆறாவது மாடியை நான்தான் முடித்தேன் என்றாலும் கடைசி நாள் வரை அங்கே எனக்குப் பெயர் "அவரோட டீம்". ஏழாவது மாடி அப்படியில்லை. முதல் ஆணியிலிருந்து கடைசி பல்பு வரை என்னுடையது. இன்று கம்பெனிக்காரர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டால், இந்தத் தொழிலில் உன் பெயரை ஒட்டாமல் என் பெயர் தனியாக நிற்கும் என்றுதான் காலையில் கிளம்பினேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நேரில் சொல்லியிருந்தால் உன் முகம் போகிற போக்கைப் பார்த்திருப்பேன். அந்தக் கொடுப்பினையும் எனக்கு இல்லாமல் செய்துவிட்டாய்.

உன்மேல் எனக்குப் பொறாமை என்று என் மனைவி நாங்கள் இப்போது குடியிருக்கிற சந்தாபுரா முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நான் எப்போது இல்லையென்றேன்? ஸ்ரீராம்புரத்தில் ஒரே சந்தில் வளர்ந்தோம். நீ தச்சு வேலை, நான் ஃபால்ஸ் சீலிங். வேலைத் திறமையில் நான் ஒரு படி மேலே என்பது ஊருக்கே தெரியும். ஒரு மந்திரி வீட்டு சீலிங்கே என் கைவண்ணம்தான். எந்த மந்திரி என்று கேட்காதே, அவர் வெளியே சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். படிப்பிலும் உன்னைவிட எனக்கு ஒரு வகுப்பு கூடுதல். எட்டாம் வகுப்புக்குள் நான் போகவே இல்லை என்பாய். போனேன். வாத்தியார்தான் வெளியே நிற்கச் சொன்னார்.

ஆனால் வார்த்தை என்று வந்துவிட்டால் நீ ஜெயித்துவிடுவாய். நாம் எடுத்த முதல் ஆபீஸ் வேலைக்கு நடந்த அந்த மீட்டிங் நினைவிருக்கிறதா? ஏசி அறை, நீள மேசை, சுற்றிலும் ஆர்க்கிடெக்ட்டுகள், இன்ஜினியர்கள். பேர் ஷெல், வார்ம் ஷெல், பி.ஓ.க்யூ., ஆர்.சி.பி. என்று வார்த்தைகள் தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தன. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. எவ்வளவு ஆட்டினால் புரிந்தவன் போல இருக்கும், எவ்வளவுக்கு மேல் போனால் சந்தேகம் வரும் என்பதெல்லாம் அத்துபடி. நீயோ நடுவில் கையைத் தூக்கி, "மேடம், வார்ம் ஷெல்லுன்னா என்னா? நமக்குப் புரியல" என்று கேட்டுவிட்டாய். உன் சார்பில் வெட்கப்பட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த ஆர்க்கிடெக்ட் பெண் பொறுமையாகச் சொன்னாள். கட்டிடக்காரர் வெறும் தரையும் சுவரும் மட்டும் கொடுத்தால் பேர் ஷெல். கரண்ட் லைன், ஏசி குழாய், பாத்ரூம் வரைக்கும் போட்டுக் கொடுத்தால் வார்ம் ஷெல். நீ ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்போ பேர் ஷெல்லுன்னா அரிசி மட்டும் குடுத்திருக்கான். வார்ம் ஷெல்லுன்னா சோறு வடிச்சு வெச்சிருக்கான். கொழம்பும் பொரியலும் நம்ம வேலை. கரெக்ட்டா மேடம்?" என்றாய். அறையே சிரித்தது. அன்றைக்குப் பிறகு யாருக்கு எதைச் சொல்ல வேண்டுமென்றாலும் உன்னைப் பார்த்துத்தான் சொன்னார்கள். அந்தச் சோறு உதாரணத்தை உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்று இப்போது எல்லா மீட்டிங்கிலும் சொல்கிறேன். நீ மறுக்க வரப்போவதில்லை.

நான் கேட்காமல் தலையாட்டியதன் பலனை ஆர்.சி.பி.யில் அனுபவித்தேன். ரிஃப்ளெக்டட் சீலிங் பிளான். அதாவது சீலிங்கில் எங்கே லைட், எங்கே ஏசி வாய் என்று காட்டுகிற படம். கண்ணாடியில் தெரிகிற மாதிரி என்றார்கள். கண்ணாடியில் இடம் வலமாகத்தானே தெரியும்? நானும் படத்தைத் திருப்பிப் பிடித்து, ஓர் அறை முழுக்க லைட்டை இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டேன். நீ வந்து அண்ணாந்து பார்த்தாய். "கண்ணாடி தரையில கெடக்குதுன்னு நெனச்சுக்கோடா. குனிஞ்சு பார்த்தா மேல இருக்கறது அப்படியே தெரியுமில்ல, அதான். திருப்பவே வேணாம்" என்றாய். எல்லார் முன்னாலும் சொன்னாய். நான் மாற்றி மாட்டியதில்தான் வெளிச்சம் நன்றாக இருந்தது என்று அந்தக் கட்டிடத்து வாட்ச்மேன் என்னிடம் தனியாகச் சொன்னதை நீ கடைசிவரை நம்பவில்லை.

எதையெடுத்தாலும் உனக்குச் சாப்பாடுதான். எந்தச் சாமான் எவ்வளவு என்று எழுதிய பி.ஓ.க்யூ. என்றால் சமையல்காரர் எழுதித் தருகிற மளிகைச் சாமான் பட்டியல். நடுவில் வந்து இன்னொரு கேபின் வேண்டும் என்று கேட்டால் அது வேரியேஷன், "பந்தி நடுவுல பாயசம் கேக்கறாங்க" என்பாய். முடிந்த வேலையில் குறை தேடுகிற ஸ்நாக் என்றால் சோற்றில் கல் பொறுக்குவது. ஜி.எஃப்.சி. டிராயிங்குக்கு மட்டும் நீ சொன்னது வேறு. "இனிமே மாத்த மாட்டோம்னு சத்தியம் பண்ணிட்டு மறுநாளே மாத்துவாங்களே, அந்தப் படம்." இதைக் கேட்டு என் மனைவி வயிறு குலுங்கச் சிரித்தாள். நான் எத்தனை வருடமாக எத்தனை ஜோக் சொல்லியிருக்கிறேன்! "அவரு பேசினா எவ்ளோ நல்லா வெளங்குது, நீங்களும் இருக்கீங்களே" என்றாள். அந்த ஆர்க்கிடெக்ட் பெண்ணும் அப்படித்தான். உனக்கும் எனக்கும் ஒரே வயது. உன்னைக் கூப்பிட்டால் "சார்". என்னைக் கூப்பிட்டால் "அங்கிள்".

மார்வலி என்று போனவன் திரும்பவில்லை. உன் சாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். சந்துக்குள் நுழைய முடியாமல் கார்கள் ரயில்வே கேட் வரை நின்றன. ஏசி கம்பெனிக்காரர், கண்ணாடிக்காரர், எப்போதோ உன்னிடம் ஒரே ஒரு டேபிள் செய்து வாங்கியவர், எல்லோரும் மாலையோடு வந்தார்கள். நான் அழுதேன். அழுதுகொண்டே எனக்கு இதில் பாதியாவது வருமா என்றும் யோசித்தேன். நீயாக இருந்தால் இதைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

ஆறாவது மாடியை நான் முடிக்கட்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து நீயே போன் செய்து சொன்னாயாம். ஆர்க்கிடெக்ட் பெண் பிறகுதான் சொன்னாள். பார், வேலை கிடைத்ததும் உன் சிபாரிசில்.

அப்போது அந்த மாடியில் நீ முடித்திருந்தது ஒரே ஒரு கேபின். மாக்-அப். "கல்யாணத்துக்கு மொதல்ல ஒரே ஒரு எலை போட்டுக் காட்டறோம். அது ஓகேன்னா ஊருக்கே அதே சாப்பாடு" என்று அதற்கும் விளக்கம் சொல்லியிருந்தாய். ஒரு கேபினை முழுதாகச் செய்து காட்ட வேண்டும். கம்பெனிக்காரர்களும் ஆர்க்கிடெக்டும் பார்த்து, கதவில் ஒரு டேப்பை ஒட்டி அதில் கையெழுத்துப் போடுவார்கள். அதன்பிறகு மற்ற அத்தனை கேபினும் அதேபோல இருக்க வேண்டும். நீ போய்விட்டாய், உன் இலை மட்டும் நடுக்கூடத்தில் கையெழுத்தோடு உட்கார்ந்திருந்தது.

அந்தக் கதவைத் திறந்ததுமே எனக்குப் பொறி தட்டியது. கைப்பிடி தாழ்வாக இருந்தது. டிராயிங்கில் இருப்பதைவிட நாலு விரல் கீழே. ஏன் என்று எனக்குத் தெரியாதா? நீ பூட்டுக்கு இடம் குறிக்கும்போது நானும் அங்கேதான் சீலிங் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். அளக்கிற டேப்பை எடுக்காமல் கதவுக்கு நேராக நின்று, முழங்கையை மடக்கி, கை போன இடத்தில் பென்சிலால் கோடு போட்டாய். நீதான் என் தோளுக்குக் கீழே இருப்பவனாயிற்றே!

"அளந்து போடுடா குள்ளா" என்றேன்.

"கதவு யாருக்குடா? மனுசனுக்கா, டேப்புக்கா?" என்றாய்.

அந்தக் கம்பெனியில் ஆபீஸ் பராமரிப்பைப் பார்க்கிற ஃபெசிலிட்டி மேடமும் உன் உயரம்தான். திறந்து பார்த்து, ரொம்ப வசதியாக இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

உன் தப்பைப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அன்று மத்தியானம் இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டேன். மற்ற எல்லாக் கதவிலும் டிராயிங்கில் இருக்கிற சரியான உயரத்தில் கைப்பிடி வைத்தேன். யாரும் கேட்டால் காட்டுவதற்கு டிராயிங்கை மடித்துப் பையில் வைத்திருந்தேன். ஸ்நாக் பார்க்கிற நாள் வந்தது. குறை இருக்கிற இடத்தில் எல்லாம் நீல டேப் ஒட்டிக்கொண்டு போவார்கள் அல்லவா, ஆர்க்கிடெக்ட் பெண் ஒரு கதவு விடாமல் ஒட்டினாள்.

"என்ன அங்கிள், மாக்-அப்ல இருக்கற மாதிரி இல்லையே. சும்னே எதுக்கு மாத்துனீங்க?"

"சும்மா இல்லைம்மா, அவன் போட்டதுதான் தப்பு. டிராயிங்கைப் பாருங்க."

"டிராயிங்குக்கு அப்புறம்தானே மாக்-அப் அப்ரூவ் ஆச்சு? இப்போ அதுதான் டிசைன். சார் வெச்ச ஹைட்டுதான் எல்லாத்துக்கும்."

நான் சரியாக வைத்தது குறை. நீ தப்பாக வைத்தது டிசைன். இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்ல? பூட்டுக்குத் துளைத்த ஓட்டையை அடைத்தால் மைக்காவில் தழும்பு தெரியும் என்பதால் அத்தனை கதவையும் புதிதாகச் செய்தேன். ஒவ்வொரு கதவிலும் நாலு விரல் கீழே, உன் முழங்கை இருக்கிற இடத்தில், என் கையாலேயே கைப்பிடி வைத்தேன். வேலை முடிந்ததும் இருக்கிறதை இருக்கிறபடி வரைகிற ஆஸ்-பில்ட் படத்திலும் அந்த அளவே ஏறிவிட்டது. ஆறடி ஆட்களெல்லாம் கொஞ்சம் தோளைச் சாய்த்துத்தான் உள்ளே போனார்கள். சாமி சன்னிதியில்கூட அவர்கள் அப்படிச் சாய்ந்திருப்பார்களா என்பது சந்தேகம். நானும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தக் கதவுகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ஸ்ரீராம்புரத்தில் யாருக்கும் குனியாதவன் நான்.

ஆனால் எனக்கும் ஒரு காலம் வந்தது, கேள். அந்த மேடம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்கள். புதிதாக வந்த மேனேஜர் என்னைவிட உயரம். ஆறாவது மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தக் கைப்பிடிகள் ஏன் இவ்வளவு கீழே என்று கேட்டார். நான் ஒரே எட்டில் முன்னால் போய், "நான் அப்பவே சொன்னேன் சார்" என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய அத்தனை இங்கிலீஷும் அந்த ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தது. அவர் அசந்துபோய், ஏழாவது மாடியை என்னிடமே கொடுத்துவிட்டார். புது மாக்-அப், என் மாக்-அப். டேப் வைத்து அளந்து, டிராயிங்கில் உள்ள உயரத்தில் கைப்பிடி. கதவில் ஒட்டிய டேப்பில் கையெழுத்து வாங்கி அன்றே போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். உன் நம்பருக்கும் போய்விட்டது. உன் பெண்சாதி பார்த்துவிட்டு "நல்லா இருக்குண்ணே, அவரு இருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு" என்று பதில் போட்டாள். நீயாவது, சந்தோஷப்படுவதாவது!

இன்று பதினொரு மணி வாக்கில் எல்லோரும் வந்தார்கள். மேனேஜர், ஆர்க்கிடெக்ட் பெண், அவர்களோடு கம்பெனியின் பெரிய ஆட்கள். பேன்ட்ரியில் ஓர் இடத்தில் பெயின்ட் சரியில்லை, ஒரு கார்பெட் மூலை தூக்கிக்கொண்டிருந்தது. நீல டேப் அவ்வளவுதான். கதவில் ஒன்றுகூட இல்லை. ஆர்க்கிடெக்ட் பெண் அவர்களிடம், "இந்த ஃப்ளோர் கம்ப்ளீட்டா அங்கிளோட வேலை. மாக்-அப்பும் அவரோடதுதான்" என்று என் முழுப் பெயரையும் சொன்னாள். அந்த "அங்கிள்" மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை, பரவாயில்லை. உன் பெயர் அதில் எங்கேயும் இல்லை. எனக்கு அது போதும்.

கடைசியாக போர்டு ரூம். நானே முன்னால் போனேன். எல்லோரும் பின்னால் நின்றார்கள். மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அவர்கள் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டே கதவைத் திறக்கக் கையை நீட்டினேன். கையில் ஒன்றும் படவில்லை. கை கீழே போயிருந்தது மச்சான். நாலு விரல் கீழே. வெறும் மைக்காவைத் தடவிக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் கைப்பிடி மாட்ட மறந்துவிட்டார்களோ என்றே பயந்துவிட்டேன்.

"அங்கிள், மேல, மேல" என்றாள் ஆர்க்கிடெக்ட் பெண். மேனேஜர் சிரித்தார்.

"ஃபினிஷ் செக் பண்ணேன் சார். மைக்காவைத் தடவித்தான் பார்க்கணும்" என்றேன். நம்பிவிட்டார்கள். பெரிய ஆள் ஒருவர் தானும் தடவிப் பார்த்து, நல்ல ஃபினிஷ் என்றார். கையெழுத்தும் போட்டார்கள்.

அவர்கள் போனபிறகு அந்தக் கதவின் முன்னால் நின்று சோதித்துப் பார்த்தேன். கதவைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினால் சரியான இடத்துக்குப் போகிறது. வேறு எதையாவது நினைத்துக்கொண்டு நீட்டினால் உன் உயரத்துக்குப் போய் நிற்கிறது. ஆறாவது மாடிக் கதவுகளைத் திறந்து திறந்து என் கையை நீ பழக்கிவிட்டாய். நான் வாங்கிய கையெழுத்து கம்பெனி ஃபைலில் இருக்கிறது. உன் நாலு விரலை எங்கே கொண்டுபோய் ஹேண்டோவர் செய்வது?

வீட்டுக்கு வந்தால் பாத்ரூம் கதவிலும் அதே கதை. சுவரோரம் நின்று தாழ்ப்பாளுக்குக் கீழே தடவிக்கொண்டிருந்தேன்.

"அங்க என்னத்தைத் தேடறீங்க?" என்றாள் என் மனைவி.

ஒன்றுமில்லை என்றேன். உன் பெயரைச் சொல்லியிருப்பேன். சொன்னால் சோற்றைப் போடாமல் உன்னைப் புகழ உட்கார்ந்துவிடுவாள்.