வென்றுகொண்டேயிருந்த பங்குனி

இஞ்சருங்கோ, நிலத்துக்குக் கீழே கெல்லர் அறை மணக்கிறது. மேல்வீட்டு ஜெர்மன் மனுசி வந்து கதவைத் தட்டி, கீழே எலி ஏதும் செத்துக் கிடக்கிறதோ என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள். எலியுமில்லை, பூனையுமில்லை, உங்கள் மகனின் ஹொக்கிப் பை. சனிக்கிழமை வந்தவன் அதைக் கெல்லரில் இறக்கிவிட்டு, சிப்பைக்கூடத் திறக்காமல் மேலே ஏறி வந்துவிட்டான். இன்றைக்குக் காலையில் நான்தான் போய்த் திறந்தேன். அந்தப் புளித்த வேர்வை மணம் முகத்தில் அடித்ததும், அப்படியே படியில் இருந்துவிட்டேன். நீங்கள் இருந்த காலத்தில் இந்த மணத்துக்காக எத்தனை சண்டை பிடித்திருப்பேன். அவன் வீட்டுக்கு வந்தால் போதும், கையுறை கதிரையில், காலுக்குக் கட்டுகிற மெத்தைகள் பல்கனிக் கம்பியில், நெஞ்சுக் கவசம் என்னுடைய உடுப்புக் கொடியில் என்று விரித்துவிட்டு, கோயில் சாமான் மினுக்குகிற மாதிரி நின்று துடைப்பீர்கள். இது வீடோ மீன் சந்தையோ என்று நான் கத்துவேன். இன்றைக்கு அதே சாமான்களை நானே கொடியில் போட்டேன். ஏச ஆளில்லாமல் போட்டேன்.

விசயத்துக்கு வருகிறேன். வடக்குப் பக்கத்து மூன்றாம் லீக் கழகம் ஒன்றின் பயிற்சியாளர் அவனுக்குப் போன் எடுத்திருக்கிறார். ஆவணியில் வந்து விளையாடிக் காட்டு, சரிவந்தால் ஒரு வருசத்துக்கு எடுக்கிறோம் என்றாராம். வெள்ளிக்கிழமைக்கு முன் ஓமோ இல்லையோ சொல்ல வேண்டும் என்றாராம். உங்கள் மகன் ஆரூ மாட்டேன் என்றுவிட்டான். இதை விட்டால் இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்து யோசித்துத் தலையிடிதான் மிச்சம். சரி, மனுசனோடேயே கதைப்போம் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் சனம் பிள்ளைகளைக் கராத்தேக்கும் மிருதங்கத்துக்கும் கூட்டிக்கொண்டு ஓடிய காலம் அது. பள்ளிக்கூடத்தால் ஐஸ் மண்டபத்துக்குக் கொண்டுபோன அன்று, சறுக்கத் தெரியாமல் விழுந்து விழுந்து எழும்பினவனை, நீ இதிலே நில் என்று கோல் வலைக்குள் விட்டுவிட்டார்களாம். அங்கேயே நின்றுவிட்டான். உங்களுக்கோ ஐஸும் தெரியாது, ஹொக்கியும் தெரியாது. விசுக்கோத்துத் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்து, நித்திரைக் கண்ணோடு அவனைக் கூட்டிக்கொண்டு போவீர்கள். மற்றத் தகப்பன்மார் மேலே இருந்து பியர் குடித்துக்கொண்டு கத்த, நீங்கள் மட்டும் வலைக்குப் பின்னால், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பிளாஸ்க் தேத்தண்ணியோடு நிற்பீர்களாம். ஏன் அந்த இடம் என்று கேட்டதற்கு, அவன் பார்க்கிறதைத் தானும் பார்க்க வேண்டும் என்றீர்கள். அந்தக் கறுத்த ரப்பர் பக் வந்து உங்கள் மூக்குக்கு நேரே கண்ணாடியில் அடிக்கும்போதெல்லாம் குனிவீர்களாம். அவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

வளர்ந்தான், ஆனால் மெல்ல மெல்ல. பவேரியாவில் ஒரு கழகம் அவனைத் தன் விடுதிக்கு எடுத்தது. பிறகு ஓர் இரண்டாம் லீக் கழகம் அவனைத் தங்கள் பெடியன் என்று பதிந்துவிட்டு, பக்கத்துச் சின்ன நகரத்து மூன்றாம் லீக் கழகத்துக்கு இரவல் கொடுத்தது. கிழமைநாளில் மேலே பயிற்சி, வெள்ளி, ஞாயிறுகளில் கீழே மட்ச். மட்ச் என்றாலும் அவன் விளையாடுவதில்லை. கீழே முதல் கோல்கீப்பராக ஒரு செக் நாட்டுக்காரன் நின்றான், கல்லு மாதிரி. இரண்டாவது கோல்கீப்பருடைய வேலை, ஐஸ் ஓரத்து வாங்கில் இருந்துகொண்டு, ஐஸுக்குப் போகிறவனுக்கும் ஐஸால் வருகிறவனுக்கும் சின்னக் கதவைத் திறந்துவிடுவது. இங்கே ஆஹெனிலிருந்து ஆறு மணித்தியாலம் கார் ஓடிப்போய் அதைப் பார்த்துவிட்டு வருவீர்கள்.

"கதவு திறக்கிறதைப் பாக்கவோ இவ்வளவு பெற்றோல்?" என்று கேட்டேன்.

"வடிவாத் திறக்கிறான்" என்றீர்கள். சிரிக்கக்கூட இல்லை.

வருசங்கள் அந்தக் கதவடியில்தான் போயின. இந்த நாட்டில் ஒரு வயதுவரைக்கும்தான் இளம் வீரன் என்ற கணக்கு. அதற்குள் மேலே ஏறாவிட்டால், அவனை வைத்துக்கொள்ளக் கழகங்களுக்கு ஒரு தேவையுமில்லை. அந்த வயது நெருங்க நெருங்க நான் மாதங்களை எண்ணத் தொடங்கினேன். உங்களுக்கோ ஒரே பாட்டு, "கீப்பர்மார் பிந்தித்தான் வருவினம்." அவன் தொழில் பழகுகிற அவுஸ்பில்டுங் செய்யாவிட்டால் நான் வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டேன் என்று நின்றேன். அதனால்தான் மின்சார வேலை படித்தான், பயிற்சிக்கும் மட்சுக்கும் நடுவிலே. அந்தச் சண்டையில் மட்டும் நான் வென்றேன். வருகிற மாதம் இங்கே ஒரு கம்பனியில் வேலை தொடங்குகிறான். அந்த வெற்றியை இப்போது என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று டொக்டர் சொன்னதும், செக்காரன் முழங்கால் கிழிந்து விழுந்ததும் ஒரே கிழமையில். ஆரூ சந்தோசத்தில் போன் எடுத்து, இனி வலை என்னுடையது அப்பா என்றான். நாங்கள் ஆசுப்பத்திரிக் கார்ப் பார்க்கில் நின்றோம். ரிப்போர்ட் என் கையில். நீங்கள் போனை மூடிவிட்டு என்னைப் பார்த்து, "அவனுக்கு இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. சீசன் முடியட்டும்" என்றீர்கள்.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. எங்கள் சனத்துக்கு இது புதிய வேலையுமில்லை. சோதனை எழுதுகிற பிள்ளைக்குச் செத்தவீடு சொல்ல மாட்டோம். வெளிநாட்டில் இருக்கிறவனுக்குத் தாய் படுக்கையில் கிடப்பதைச் சொல்ல மாட்டோம். உங்கள் தாய் போனதையே உங்களுக்குக் காரியம் முடிந்த பிறகுதானே சொன்னார்கள், அகதி வழக்கு விசாரணை நடக்கிறது, மனம் குழம்பிவிடும் என்று. அன்றைக்கு அந்தத் தொலைபேசிப் பெட்டிக்குள் நின்று நீங்கள் கிடந்த கிடையை நான் கண்டவள். பட்ட மனுசனே திருப்பி அதைச் செய்தீர்கள். சொல்லிப் பார்த்தேன். அது வேறை, இது வேறை என்றீர்கள். என்ன வேறை?

ஊர் முழுக்க இதில் கூட்டு. ஒரு கலியாணப் பேச்சை ஒரு நாள் மூடிவைக்கத் தெரியாத சனம், உங்கள் வருத்தத்தை ஆரூவின் காதுக்குப் போகாமல் கட்டிக் காத்தது. கடைக்காரருக்குத் தெரியும், தமிழ்ப் பள்ளிக்கூட ரீச்சருக்குத் தெரியும், கோயில் ஐயருக்குத் தெரியும். வீடியோவில் அவன் கூப்பிட்டால் தொழிற்சாலைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, மொத்த சுவெட்டருக்குள் மெலிந்த உடம்பை மறைத்துக்கொண்டு, ஆசுப்பத்திரி நடைபாதைச் சுவரோடு இருந்து கதைப்பீர்கள். இடைவேளை அறையில் இருக்கிறேன், இப்போது வேலை கூட, மட்சுக்கு வர ஏலாது என்பீர்கள். உங்களோடு வேலை செய்த செல்வம் அண்ணை பக்கத்தில் நின்று, நேரமாச்சு வா அப்பா என்று குரல் கொடுப்பார். போனை வைத்ததும் அந்த மனுசன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழும். என்ன நாடகம் அது. இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஒப்பந்தம் என்னவென்றால், சீசன் கடைசி வெளியேற்றுச் சுற்றுகளில் கழகம் தோற்று வெளியே வந்த அன்றே அவனுக்குச் சொல்வது. மாசியோடு முடிந்துவிடும், அந்தக் கழகம் எந்த வருசம் முதல் சுற்றைத் தாண்டியது என்று செல்வம் அண்ணையும் சொன்னார். ஆனால் ஆரூ தோற்கவில்லை. இத்தனை வருசம் கதவு திறந்தவன், வருகிறதை எல்லாம் மறித்தான். தங்களை விடப் பெரிய கழகத்தை விழுத்தினார்கள். பங்குனியில் இன்னொன்றை. பேப்பரில் படம் வந்தது. இரண்டாம் லீக் பயிற்சியாளர் நேரில் வந்து பார்த்துவிட்டு, அடுத்த சீசன் மேலே வா என்று கை கொடுத்தாராம். அந்தச் செய்தி கேட்ட அன்று நீங்கள் அரை இடியப்பம் சாப்பிட்டீர்கள். அவ்வளவு சந்தோசப் புழுகம்.

நான் கோயிலுக்குப் போனேன். என் பிள்ளை தோற்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டேன். தோற்றால் தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்தேன். அதற்கு நான் வெட்கப்படவில்லை. அவன் வெல்ல வெல்ல நீங்கள் கரைந்துகொண்டு போனீர்கள், இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றது நான் ஒருத்திதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆசுப்பத்திரியில் போனைச் சாப்பாட்டுத் தட்டில் சாத்திவைத்து மட்ச் பார்த்தோம். மருந்து மயக்கத்தில் கண் மூடுவதும் திறப்பதுமாய்க் கிடந்தீர்கள். ஆட்டம் சமனில் முடிந்து, எக்ஸ்ட்ரா நேரம் தொடங்கப் போகிறது என்று ஐஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் கண்ணை முழித்தீர்கள். அந்தக் கண்ணில் மயக்கமில்லை, பழைய மனுசன் அப்படியே இருந்தார். என் கையைப் பிடித்து, "காணும். அவனைக் கூப்பிடு. மட்ச் கிடக்கட்டும்" என்றீர்கள்.

கூப்பிட்டேன். அவர்கள் மட்சுக்கு முன்னமே எல்லாருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள் என்று உங்களுக்கும் தெரியும். செல்வம் அண்ணை கழகத்து இலக்கம் தேடி அடித்தார், ஒருவரும் எடுக்கவில்லை. எக்ஸ்ட்ரா நேரத்தில் ஒரு கோல் விழுந்தால் முடிந்துவிடும். யார் அடித்தாலும் சரி, அடியுங்கோடா என்று அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக் கும்பிட்டேன். அவன் விடவில்லை. விழுந்து மறித்தான், படுத்து மறித்தான், முகத்தால் மறித்தான். நீங்கள் போகிற நேரமும் மட்ச் நடந்துகொண்டுதான் இருந்தது. பிறகு அவர்கள் வென்றார்கள்.

ஆரூ வந்து சேர்ந்தபோது உங்களைக் கீழே சவ அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சுடலையில் அவன்தான் எல்லாம் செய்தான், மொட்டை வழித்து, ஐயர் சொன்னதைச் சொல்லி, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல். எல்லாரும் போன பிறகு குசினிக்குள் வந்து இருந்தான். எங்கள் ஒப்பந்தம் அதற்குள் அவன் காதுக்கு எட்டிவிட்டது.

"நான் ஒவ்வொரு பக்கையும் மறிக்க மறிக்க அப்பா எனக்குத் தூரமாப் போயிருக்கிறார் அம்மா. ஒரு மட்ச் தோத்திருந்தா வந்திருப்பன்."

அவன் இல்லாமல் கழகம் அடுத்த மட்சில் விழுந்தது.

சொன்னபடி மேலே எடுத்தார்கள். நீங்கள் ஆசைப்பட்ட இரண்டாம் லீக். முதன்முதலாக நானும் மட்ச் பார்க்கப் போனேன், செல்வம் அண்ணை கூட்டிக்கொண்டு போனார். எனக்கு விளையாட்டு விளங்காது, ஆனால் என் பிள்ளையை விளங்கும். பக் வரும், அவன் அதைக் காண்கிறான், ஆனால் கை எழும்பப் பிந்துகிறது. மறிக்கலாமோ கூடாதோ என்று யாரிடமோ கேட்டுவிட்டு மறிக்கிற மாதிரி. ஐப்பசியில் வாங்கில் இருத்தினார்கள். மார்கழியில் கீழே அனுப்பினார்கள். சீசன் முடிய, வயதும் தாண்டிவிட்டது, கைகொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர்களில் பிழையில்லை, நல்ல மரியாதையாகத்தான் கதைத்தார்களாம்.

நேற்றுப் பின்னேரம் அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்து, வடக்குக்குப் போ மகன் என்று சொன்னேன். இந்த வாயாலே சொன்னேன் என்றால் நம்புவீர்களோ? படிப்பு முடித்துவிட்டாய், வேலை எங்கேயும் ஓடாது, ஒரு வருசம் நின்று பார் என்றேன். பிறகு, இந்த ஒரு வருசத்துக்கு மேலாக அவன் கேட்காததைக் கேட்டான். அப்பா கடைசியாக என்ன சொன்னவர் என்று.

இதற்காகத்தானே காத்துக்கொண்டிருந்தேன். அவன் கேட்கட்டும், அப்போது சொல்வோம், கேட்காத பிள்ளையின் தலையில் போடக்கூடாது என்று வைத்திருந்தேன். ஒன்று விடாமல் சொன்னேன். நீங்கள் கண் முழித்தது, கையைப் பிடித்தது, காணும் என்றது, அவனைக் கூப்பிடு, மட்ச் கிடக்கட்டும் என்றது. சொல்லச் சொல்ல எனக்கே நெஞ்சு இலேசானது. இதைக் கேட்டால் இவன் அழுவான், அழுதால் தேறிவிடுவான் என்று நினைத்தேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். கோபமில்லை. சின்னப் பிள்ளையோடு கதைக்கிற மாதிரி மெல்லக் கேட்டான்.

"இதுவும் என்ரை நன்மைக்காகச் சொல்லுறியளோ அம்மா?"

இல்லையடா, சத்தியமாக இல்லை என்றேன். வேலைக்குப் போறன் எண்டு அப்பாவும் சத்தியம் பண்ணினவர்தானே என்றான். செல்வம் அண்ணையைக் கேள் என்றேன். அவரும்தானே அம்மா என்றான். பிறகு எழும்பிப் போய், வடக்குப் பயிற்சியாளருக்குப் போன் எடுத்து, நல்ல ஜெர்மனில் நன்றி சொல்லி, வரவில்லை என்று சொன்னான். வெள்ளிக்கிழமை வரைக்கும்கூட வைக்கவில்லை.

இஞ்சருங்கோ, உங்கள் மகனை நீங்கள் கூப்பிட்டீர்கள். நான் கேட்டேன், என் காதால் கேட்டேன். அந்தப் பங்குனி முழுக்க அவனுக்குச் சொன்னதெல்லாம் பொய், இது ஒன்றுதான் உண்மை. அந்தக் கடைசிச் சொல்லை அவனுக்கென்று என் கையில் தந்தீர்கள், கொடுத்துப் பார்த்தேன், வாங்க மாட்டேன் என்கிறான். நான்தான் வைத்திருக்கிறேன்.