உழுத தோட்டத்துக்கு உறைபனி வருகிறது

ரிஃபாத்துக்கு,

மாலத்யா வானிலை அறிக்கை மாறிவிட்டது. மாலைவரை காற்றும் தூறலும், காற்று ஓய்ந்ததும் உறைபனி. ஆப்ரிகாட் மரங்கள் முழுக்கப் பூத்து நிற்கின்றன; உறைபனி பட்டால் பூவெல்லாம் கருகிவிடும். "இந்தக் காத்துல எப்படிடி பனி விழும்? நீ ரேடியோவையே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டுக் காப்பிக்கடைக்குப் போய்விட்டீர்கள். நேற்று நான் வேண்டாமென்று சொல்லியும் கேளாமல் தோட்டத்தை உழுதீர்கள். கிளறிய மண்ணில் சூடு தங்காது. மரங்களுக்கு நடுவே ஈர வைக்கோலைக் குவித்துப் புகை போடப் போகிறேன். எல்லா வரிசைக்கும் நான் ஒருத்தி ஓட முடியாது.

பருப்பு சூப் அடுப்பில் இருக்கிறது. டிராக்டர் சாவி ஆணியில் தொங்குகிறது. சாப்பிட்டுவிட்டு அதில் தோட்டத்துக்கு வாருங்கள்.

ஷுக்ரான்

இதை மடிக்கும்போதே ஜன்னல் அதிர்வது நின்றுவிட்டது. சாப்பிட உட்காராதீர்கள். சூப்பைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு வாருங்கள், மிச்சச் சண்டையை அங்கே போட்டுக்கொள்ளலாம்.