நடுவில் நிற்கும் கேமரா

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உன் முட்டி வலி தேவலையா? மிச்சம் பிடிக்கிறேன் என்று மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடாதே. அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

எங்கள் தொலைநோக்கியின் அடியில் பெரிய கண்ணாடி இருக்கிறது. அதற்கு எதிரே, குழாயின் வாயில் ஒரு சின்னக் கண்ணாடி. நேற்று அந்தச் சின்னதைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் கேமராவை மாட்டினேன். பயப்படாதே, ஒன்றும் உடையவில்லை. மாட்டி முடித்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்து மேலதிகாரியிடம் ஓடினேன்.

"சார், கேமரா நடுவுல மறைச்சுக்கிட்டு நிக்குதே, படத்துல ஓட்டை விழாதா?"

மேலதிகாரி சிரித்துவிட்டார். "இத்தனை நாளா சின்னக் கண்ணாடியும் அங்கதானப்பா நின்னுச்சு? ஓட்டையெல்லாம் விழாது. வெளிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்."

அசடு வழிந்தேன். படம் முழுசாகத்தான் வந்தது. அறைக்கு வந்தால், இதைச் சொல்லிச் சிரிக்க ஆளில்லை.

தபால் எடுத்துப்போகும் வண்டிக்காரர் ஹார்ன் அடிக்கிறார், முடிக்கிறேன். தங்கச்சி கல்யாணத்தில் எல்லாரும் சேர்ந்து நின்று எடுத்த படத்தை அனுப்பு. நான் இல்லாததால் அதில் ஓட்டை விழுந்திருக்காது, தெரியும். வெளிச்சம் கொஞ்சமாவது குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உன் பெரியவன்