கறுப்புத் திரையில் அவர்

பிப்ரவரி 3

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னல் புதிதாக வந்திருக்கிறது என்று அப்டேட் போட்டேன். ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரை. வெறும் எழுத்து, அதற்குக் கீழே மினுக்கும் கர்சர். கணினியில் நான் வரைந்துகொண்டிருந்த கட்டட மாதிரிப் படம் பாதியில் நிற்கிறது. பொறியாளர் ஃபோன் செய்து, "என்னம்மா, இன்னும் கூரை ஏறலையா?" என்றார். திரையே ஏறவில்லை என்றேன்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மனிதருக்குச் செய்தி அனுப்பினேன். இந்த லினக்ஸை நிறுவிக் கொடுத்து, என்னையும் அதையும் ஒன்றாக விட்டுப் போன என் கணவர். வேலை முடிந்ததும் அங்கிருந்தே இணையம் வழியாக என் கணினிக்குள் வந்தார். ஒரு வரி அடித்து நானும் சேர்ந்துகொண்டால், அவர் அடிப்பதெல்லாம் என் திரையிலும் ஓடும்.

கெர்னல் மாறினால், திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் டிரைவரையும் அதற்கேற்பப் புதிதாக உருவாக்க வேண்டுமாம். கணினியே தானாகச் செய்துகொள்ளும். ஆனால் ஹெடர்ஸ் என்ற தொகுப்பு இருந்தால்தான். "அளவு கொடுக்காம சட்டை தைக்கச் சொன்னா தையல்காரர் என்ன பண்ணுவார்?" என்று ஃபோனில் கேட்டார். போன வாரம் இடம் போதவில்லை என்று கண்டதையும் நீக்கினேனே, அதோடு அதுவும் போயிருக்கிறது.

திட்டவில்லை. வேகமாக அடித்தார், தப்பாக அடித்தார், அழித்தார், நிறுத்தி யோசித்தார். வீடியோவில் "சாப்டியா" என்பதைத் தாண்டி எதுவும் வராத மனிதர். இங்கே அவர் யோசிப்பதைக்கூடப் பார்க்க முடிந்தது.

பிப்ரவரி 4

எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. எரிச்சலாக இருக்கிறது.

பிப்ரவரி 17

ஹெடர்ஸை மறுபடி நீக்கினேன். இந்த முறை தெரிந்தே.

ஒன்றும் ஆகவில்லை. ஏற்கெனவே உருவான டிரைவர் அது பாட்டுக்கு ஓடுகிறது. அடுத்த கெர்னல் வந்தால்தான் வேலையைக் காட்டும் போல.

பிப்ரவரி 26

காலையில் எழுந்ததும் அப்டேட் வந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். பிரவுசருக்கு வந்தது, எழுத்துருவுக்கு வந்தது. கெர்னலுக்கு மட்டும் வரவில்லை. அதை எழுதுகிறவர்களுக்கு என்ன கேடு? அவர்கள் வீட்டில் யாரும் யாரையும் எதிர்பார்த்துக்கொண்டு இருப்பதில்லையா?

மார்ச் 6

வந்தது! கறுப்புத் திரை. அவரும் வந்தார்.

நடுவில் ஒரு # போட்டு, ஆங்கில எழுத்தில் தமிழாக, "டீ குடிச்சிட்டு வரேன்" என்று அடித்தார். # போட்ட வரியைக் கணினி கண்டுகொள்ளாது. அது மனிதர்களுக்கு. நானும் டீ போட்டு எடுத்துவந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்து குடித்தேன். கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் போன பிறகு சேர்ந்து டீ குடித்தது இன்றுதான்.

இந்த நாற்காலி அவர் உயரத்துக்கு இருந்தது. கால் தரையில் படவில்லை என்று அவர் போன மறுநாளே தாழ்த்திவிட்டேன். என்ன அவசரம் எனக்கு?

மார்ச் 15

அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்களாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நீ என்ன சொல்றே?" என்றார்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிவிட்டேன். "நான் பாத்துக்கறேன், நிம்மதியா போங்க" என்று வீறாப்பாக வழியனுப்பியவள். இப்போ எப்படி மாத்திச் சொல்றது? சொன்னா என்னவாம்? சொல்ல வரலையே.

மார்ச் 29

நேற்று அடுத்த கெர்னல். மறுபடியும் கறுப்பு. நான்தான் பத்தாம் தேதியே ஹெடர்ஸை எடுத்துவிட்டேனே.

இன்று வந்தவர் முதலில் எதை எப்போது நீக்கியது என்ற பட்டியலைத் திறந்து பார்த்தார். அப்புறம் —

# ஹெடர்ஸ் தானா போகாது

# நான் போட்டேன், நீ எடுத்திருக்கே

காதெல்லாம் சூடாகிவிட்டது. இடம் போதவில்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். அவரோடு சேரும் வரியைத் தவிர, அந்தத் திரையில் நான் அதுவரை ஒரு எழுத்தும் அடித்ததில்லை.

# ஆமா

# ஏன்

அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்து, மறுபடி அழித்தேன். அழிப்பதற்கு முன் இருந்ததெல்லாம் அவர் திரையிலும் ஓடியிருக்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது. தனியாய் இருக்கு, வீடு நல்லாயில்லே, உங்க குரல் மட்டும் போதலே — எல்லாத்தையும் படிச்சிருப்பார். இனி எதை மறைக்க?

# வந்துடுங்க

ரொம்ப நேரம் கழித்து ஹெடர்ஸை நிறுவினார். டிரைவர் உருவாகி முடியும்வரை வரிகள் ஓடின. ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திரை பளிச்சென்று வந்தது. எனக்கு அழுகை வந்தது.

மார்ச் 30

ஃபோன் வரவில்லை. நானும் செய்யவில்லை. கட்டடத்துக்கு ஜன்னல்கள் வைத்தேன்.

ஜூன் 11

புதுக் கெர்னல். டிரைவர் தானாகவே உருவாகி, ஒரு தொந்தரவும் இல்லாமல் திரை வந்தது. படமும் நேரத்துக்குப் போய்விட்டது. பொறியாளருக்கே ஆச்சரியம்.

காலையில் வேலைக்கு உட்கார்ந்தால் நாற்காலி உயரமாக இருக்கிறது. "என் நாற்காலியைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று கத்தினேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை.

தாழ்த்தவில்லை. காலை ஆட்டிக்கொண்டே வேலை பார்த்தேன்.